தம்பியின் சேவல்

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், என் ஏழு வயது மகள் கல் உலக்கையால் ஒரு சேவலின் காலை உடைத்தாள்.

சுற்றி வளைத்தும் சொல்லலாம். வெயிலைச் சொல்லி, வீட்டுக்குப் பின்னால் வேலியை ஒட்டி நிற்கும் செம்பனை மரங்களைச் சொல்லி, ஜெராய் மலைமேல் கிடந்த மேகத்தைச் சொல்லி, மெதுவாக அங்கே வந்து சேரலாம். அன்று எதுவும் மெதுவாக வரவில்லை. சத்தம்தான் முதலில் வந்தது. குருணில் கையுறை செய்யும் கிலாங்கில் எனக்கு வேலை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தேன். தொழிற்சாலை இயந்திரம் தூக்கத்திலும் என் காதுக்குள் ஓடும். அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் ஏறியது. கூவலும் இல்லை, கொக்கரிப்பும் இல்லை. அரத்தால் தகரத்தை இழுத்தது போல ஒரு குரல். பிறகு மட்டென்று ஓர் அடி. மறுபடி அந்தக் குரல். மறுபடி அடி.

கைலியை இறுக்கிக்கொண்டு பின்கதவுக்கு ஓடினேன். கூண்டு திறந்திருந்தது. மகள் சிமெண்டுத் தரையில் குந்தியிருந்தாள். இடது கையால் சேவலின் இரண்டு இறக்கைகளையும் முதுகுப்பக்கம் சேர்த்துப் பிடித்து, முழங்காலால் அதைத் தரையோடு அழுத்தியிருந்தாள். கொத்தாமல் இருக்க நான் சொல்லிக்கொடுத்த பிடி அது. வலது கையில் சாண் நீளக் கல் உலக்கை. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் மிளகும் இடிக்கிற உலக்கை. சேவலின் ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. எலும்பு தோலுக்கு வெளியே வந்து வெள்ளையாகத் தெரிந்தது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபமோ அழுகையோ இல்லை. வீட்டுப்பாடம் எழுதும்போது நாக்கின் நுனியைப் பல்லில் கடித்துக்கொள்வாள். அப்படிக் கடித்திருந்தாள். என்னை இன்றுவரை விடாமல் துரத்துவது அந்த நாக்கு நுனி.

அது சும்மா வளர்த்த சேவல் இல்லை. என் மனைவிக்கு நாற்பத்தொரு வயதில் இரண்டாவது பிள்ளை தங்கியது. ஏழாம் மாதம் ரத்தம் போனது. மருத்துவமனையில் அசையாமல் படுத்துக் கிடந்த நாள்களில், பிள்ளை உயிரோடு கைக்கு வந்தால் தோட்டத்து முனியாண்டிக்கு ஒரு கருஞ்சேவல் என்று நேர்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக ஒரு குஞ்சு வாங்கி, அதன் காலில் மஞ்சள் துணி கட்டி விட்டாள்.

நேர்ந்துவிட்ட உயிருக்கு எங்கள் ஆட்களிடம் சட்டம் உண்டு. விற்கக் கூடாது. அடிக்கக் கூடாது. எச்சில் சோறு போடக் கூடாது. அதற்கு வருகிற கேடு, யாருக்காக நேர்ந்தோமோ அவர் தலையில் விடியும். அதனால் அதற்கு நாங்கள் தனியாகப் பேர் வைக்கவில்லை. 'தம்பியோட சேவல்' என்றோம். தம்பி பிறக்குமுன்பே தம்பியின் சேவல் வீட்டுக்கு வந்துவிட்டது. தம்பியோட சேவலுக்குத் தண்ணி வெச்சியா? தம்பியோட சேவல் கிட்ட போய்க் கத்தாத. விருந்தாளிகள் வந்தால் பிள்ளையைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் போய்ச் சேவலையும் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டுக்கும் நடுவில் என் மகள் நின்றிருப்பாள். தீனி போடுவது அவள் வேலை. பொறுப்பு வரட்டும் என்று நாங்களே கொடுத்த வேலை.

பிள்ளைக்குத் தொண்ணூறாம் நாள் படையல் என்று முடிவாகியிருந்தது. அதற்கு எட்டு நாள் இருந்தது.

அவளை அடித்தேன். இங்கே எல்லா மளிகைக் கடையிலும் கட்டுக் கட்டாகத் தொங்குமே, ரோத்தான், அந்த மெல்லிய பிரம்பு எங்கள் வீட்டில் ஐஸ்பெட்டிக்குப் பின்னால் இருந்தது. அதற்குமுன் அதைக் காட்டி மிரட்டியிருக்கிறேன். அன்று கை அதைத் தானாகத் தேடிப் போனது. எப்படி இவ்வளவு பழக்கமாகப் போனது என்று இப்போது யோசிக்கிறேன்.

"ஏன் செஞ்ச? சொல்லு! ஏன் செஞ்ச?"

"தெரியலப்பா!"

"தெரியாமதான் உலக்கைய எடுத்தியா?"

"தெரியல, தெரியல, தெரியல!"

ஒவ்வொரு 'தெரியல'வுக்கும் ஓர் அடி விழுந்தது. கெண்டைக்காலில் வரி வரியாகத் தடித்துச் சிவந்தது. ஒரு வரி வெடித்து ரத்தம் எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை. பின்னால் சேவல் கத்திக்கொண்டிருந்தது, முன்னால் இவள். இரண்டு குரலும் ஒன்றாகி எது எதனுடையது என்று பிரிக்க முடியாத ஓர் இடம் வந்தபோதுதான் கை ஓய்ந்தது.

அவள் தன் அம்மாவிடம் ஓடினாள். என் மனைவி கதவருகே பிள்ளையை மார்போடு அணைத்து நின்றிருந்தாள். மகள் கைநீட்டி வந்ததும் ஓரடி பின்வாங்கினாள். அந்த ஓரடியில் மகள் அப்படியே நின்றுவிட்டாள். என் பிரம்பு செய்யாததை அது செய்தது.

மறுநாள் ஜித்ராவிலிருந்து என் அக்கா வந்து இறங்கினாள். ஜித்ராவில் தையல் கடை வைத்திருப்பவள். பிள்ளை இல்லை. எதையும் அளந்து, கோடு போட்டு, வெட்டிப் பழக்கம்.

"நேராவே சொல்றேன்லா," என்றாள், காப்பி குடித்து முடிக்குமுன்பே. "இவ இங்க இருக்கக்கூடாது."

"ஏழு வயசுதான்க்கா அவளுக்கு."

"ஏழு வயசுதான். உலக்கைய தூக்கத் தெம்பு இருக்குற வயசு. வர்ற வெள்ளிக்கெழம வாசல்ல நிக்குற என் கெரேத்தால ஏத்திட்டுப் போறேன். ஒரு வருஷம் எங்கிட்ட கெடக்கட்டும். ஜித்ராவுல பள்ளிக்கூடம் இல்லையா என்ன?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அண்ணி சொல்றதுதான் சரிங்க. எனக்குக் குளிக்கப் போகக்கூட பயமா இருக்கு. கதவச் சாத்திட்டு உள்ள நின்னா, வெளிய சத்தம் வருதா வருதான்னு காதுதான் நிக்குது. இன்னிக்கு சேவல். நாளைக்கு?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. பிள்ளை வந்த நாளிலிருந்தே சின்னச் சின்னதாக நடந்துகொண்டிருந்தது. நத்தைகளை வரிசையாக வைத்து உப்புக் கொட்டினாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவின் பூனைக்குட்டிக்கு இரண்டு காதிலும் துணிக் கிளிப் மாட்டிவிட்டாள். அது தலையைச் சுவரில் மோதிக்கொண்டு ஓடியது. "புடாக்-புடாக்," பிள்ளைகள்தானே என்று அந்த அம்மா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சின்ன உயிர் என்றால் சிரிப்பு, சாமி உயிர் என்றால் பிரம்பு. எங்களிடம் இருந்தது இந்த இரண்டு தராசுதான். அதில் ஏழு வயதுக்காரி எதைக் கற்றுக்கொள்வாள்?

சேவலை என்ன செய்வது என்பதற்கும் அக்கா ஒரு கோடு போட்டாள். கேடு வந்த நேர்ச்சை முகத்தில் பிள்ளை பெற்றவள் முழிக்கக் கூடாது. பூசாரி வழி சொல்லும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. பூசாரி தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். பினாங்கில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், வியாழக்கிழமைதான் வருவார். அதுவரை இருக்கட்டும் என்று கூண்டின்மேல் ஓர் உரச்சாக்கைப் போட்டு மூடினாள். முன்னால் சூடம் ஏற்றினாள். மகள் பின்பக்கம் போகாதபடி கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போட்டாள். எல்லாவற்றையும் முறையாகச் செய்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி திறந்தது. மனைவி மகளுக்கு வெள்ளைக் காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டாள். நழுவாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டாள். மூன்று பேருமே காலுறையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்று மாலை அந்த ரப்பர் பேண்டுகளை மறுபடி பார்த்தேன். மகளின் பென்சில் பெட்டியிலிருந்து பிறாண்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். உள்ளே இரண்டு பல்லிகள். வயிறு நூலாகிப் போகுமளவுக்கு ரப்பரைச் சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்தாள். ஒன்று செத்திருந்தது. மற்றதன் வாய் திறந்து திறந்து மூடியது. அழிப்பான்மேல் ஒரு துண்டு வால்.

நான் ஐஸ்பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பலாமா என்று நினைத்திருப்பேன், அவ்வளவுதான். அதற்குள் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, கவுனைத் தூக்கி, கெண்டைக்காலைக் காட்டினாள். யாரும் சொல்லவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள். சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்பது போல.

எனக்கு முதுகில் அரிப்பு எடுத்தது. சொன்னால் நம்புவது கஷ்டம், ஆனால் எடுத்தது. நாற்பது வருடத்துக்கு முந்தைய அரிப்பு.

எனக்கு எட்டு வயதிருக்கும். கரங்கான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். லாஸ்டிக் என்போம், கவட்டையில் ரப்பர் கட்டிக் கல் எறிவது. அதை வைத்துக்கொண்டு கண்ணில் படுவதையெல்லாம் அடித்துக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் கங்காணி வீட்டு ஆட்டுக்குட்டி ஒன்று என்னைப் பார்த்துக் கத்தியது. அடித்தேன். கண் போய்விட்டது. கண் இருந்த இடத்தில் முட்டைக்கரு உடைந்தது போல ஏதோ வழிந்தது. குட்டி தன்னையே சுற்றிச் சுற்றி வந்தது. நான் பயந்தேன். கூடவே இன்னொன்றும் இருந்தது, அதை இத்தனை வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது. என் கையிலிருந்து போன ஒன்று உலகத்தை மாற்றிவிட்டது என்ற திமிர். எட்டு வயதுவரை என் கைக்கு எதுவும் மாறியதில்லை.

அப்பா என்னை முசுறு ஏறிய ஒரு மரத்தில் கட்டினார். சட்டை இல்லாமல். அந்தச் சிவப்பு எறும்புகள் கழுத்தில் ஏறி, இடுக்குகளில் இறங்கி, கடித்த இடத்திலேயே வாலை வளைத்து எரிச்சலை ஊற்றின. லயத்து ஆட்கள், தோட்டத்து வரிசை வீட்டுக்காரர்கள், வந்து பார்த்தார்கள். "இன்னும் கொஞ்ச நேரம் கெடக்கட்டும்" என்று யாரோ சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள். அன்று நான் ஒரே ஒரு பாடம் கற்றேன்: ஆள் பார்க்காத இடத்தில் செய். அடுத்த இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். ஓணான்கள், வௌவால்கள், ஒரு முறை ஒரு நாய்க்குட்டி. அதைப்பற்றி என் மனைவிக்குக்கூடத் தெரியாது. எதனால் நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. எறும்பால் இல்லை.

ஆட்டுக்குட்டியின் கண்ணுக்கு யாரும் மருந்து போடவில்லை. கங்காணி கத்தினார், அப்பா கட்டினார், லயம் வேடிக்கை பார்த்தது. குட்டி என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மகளின் கவுனைக் கீழே இறக்கிவிட்டேன். உயிரோடு இருந்த பல்லியின் ரப்பரை வெட்டிவிட்டேன். அது இரண்டடி இழுத்துக்கொண்டு போய் நின்றுவிட்டது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் மோட்டாரில் அவளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் பெரிய சாலையோரம் தேங்காய்ப்பால் ஐஸ் விற்கும் செண்டோல் கடையில் நிறுத்தினேன். லோரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வடக்கே போயின. அவள் ஐஸைக் கரண்டியால் குத்திக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டால் தெரியல என்பாள். உண்மையாகவே தெரியாதுதான். எனக்கு எட்டு வயதில் தெரிந்ததா?

"அன்னிக்கு எப்படி ஆச்சு? மொதல்லேருந்து சொல்லேன். அப்பா அடிக்க மாட்டேன்."

கிண்ணத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் கூண்டத் தெறந்தேன். அது என்கிட்ட வந்துச்சு."

"கொத்துச்சா?"

"ஐயோ, இல்லப்பா. நான்தானே சாப்பாடு போடுவேன். சும்மாதான் வந்துச்சு. அப்புறம் புடிச்சேன். நீங்க காட்டுனீங்கல்ல, அந்த மாதிரி. மொத அடி தரைல பட்டுச்சு. ரெண்டாவதுதான் கால்ல. அது கத்துனதும் நிறுத்தலாம்னு நெனச்சேன். கை நிக்கல."

கை நிற்கவில்லை. எனக்குத் தெரிந்த கைதான்.

"அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. கணக்குல நூறு வாங்குனேன்ல, அந்தத் தாள அம்மாகிட்ட காட்டப் போனேன். தம்பி தூங்குறான், சத்தம் போடாத, தம்பியோட சேவலுக்குத் தீனி வெச்சியான்னு கேட்டாங்க." கரண்டியை நக்கினாள். "தம்பிய அடிக்கக்கூடாதுல்ல. தம்பி மேல கையே படக்கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க. அதான்."

"அதான்?"

"அதான் தம்பியோட சேவல அடிச்சேன்."

பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். என் பிள்ளைமேல் விழ இருந்த அடி அது. ஆனால் விழவில்லை. பக்கத்தில் தொட்டுவிடும் தூரத்தில் பிள்ளை கிடந்த வீட்டில், உலக்கையை எடுத்துக்கொண்டு இவள் அவனைத் தாண்டிப் பின்பக்கம் நடந்து போயிருக்கிறாள். எவ்வளவு தூரம் அது? பத்துப் பன்னிரண்டு தப்படி. அந்தப் பன்னிரண்டு தப்படியையும் இவள் தனியாக நடந்திருக்கிறாள். நாங்கள் யாரும் கூட இல்லை.

"அப்பா."

"ம்."

"அதுக்கு இப்ப யாரு தீனி போடுறா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் தெரிந்தது. யாரும் போடவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு, இன்று. சாமியைப் பற்றிப் பேசினோம், பிள்ளையைப் பற்றி, இவளைப் பற்றி, பூசாரி எப்போது வருவார் என்பதைப் பற்றி. கூண்டுக்குள் ஓர் உயிர் இருப்பதை நான்கு நாளாக ஒருவரும் நினைக்கவில்லை. தீனி போடுகிற ஒரே ஆளைத் தாழ்ப்பாள் போட்டு உள்ளே வைத்திருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்பக்கம் போனேன். மகளை உள்ளே இருக்கச் சொன்னேன். சாக்கை இழுத்தபோது அக்கா சமையலறையிலிருந்து, "டேய், தொடாதே! பூசாரி வரட்டும்!" என்று கத்தினாள்.

நாற்றம் முகத்தில் அறைந்தது. ஈக்கள் கறுப்பாக எழுந்தன. உயிர் இருந்தது, அதுதான் கொடுமை. முந்தைய நாள் மழையில் தரையில் தேங்கிய அழுக்குத் தண்ணீரைக் குடித்துப் பிழைத்துக் கிடந்தது. உடைந்த கால் கருநீலமாக வீங்கியிருந்தது. எலும்பு வெளியே வந்த இடத்தில் புழுக்கள் அரிசி கொதிப்பது போலக் கொதித்தன. கொண்டை வெளுத்துச் சுருங்கியிருந்தது. என்னைக் கண்டதும் தலையைத் தூக்க முயன்று, முடியாமல், அலகைத் தரையில் வைத்துக்கொண்டது.

என் மகள் உடைத்தது ஒரு கால். மற்றதெல்லாம் நாங்கள் செய்தது.

கத்தியை எடுத்தேன். அக்கா குறுக்கே வந்தாள்.

"நேர்ந்ததுடா அது! சாமிக்கு முன்னாடி விழ வேண்டிய ரத்தம்! புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"தள்ளுக்கா."

"என் பேச்சக் கேளு..."

"தள்ளுன்னு சொல்றேன்ல!"

கோழி அறுத்துப் பழகிய கைதான் என்னுடையது. அன்று தவறியது. முதல் இழுப்பு ஆழம் போதவில்லை. சேவல் என் பிடியிலிருந்து பாதி நழுவி, வெட்டுப்பட்ட கழுத்தோடு சிமெண்டில் அடித்துக்கொண்டு உருண்டது. ரத்தம் சுவரில், என் கைலியில், அக்காவின் காலில் தெறித்தது. அதைத் துரத்திப் பிடித்து, முழங்காலால் அழுத்தி, மறுபடி அறுத்தேன். கால்கள் நெடுநேரம் உதைத்தன. உடைந்த காலும் உதைத்தது. பிறகு நின்றது.

நிமிர்ந்தேன். சன்னல் கம்பிக்குப் பின்னால் என் மனைவி நின்றிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், ஆனால் அவளைத் தொடாமல், என் மகள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். குரலில் குத்தல் இல்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"அப்பா, உங்கள எந்த ஊருக்கு அனுப்புவாங்க?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டு மண்வெட்டியைத் தேடினேன்.

சேவலை வேலியோரம் ஆழமாகப் புதைத்தேன். அடுத்த மூன்று நாளும் நானும் மனைவியும் சண்டை போட்டோம். மகள் செண்டோல் கடையில் சொன்னதை நான் அப்படியே அவளிடம் ஒப்பித்ததுதான் காரணம்.

"அப்போ அவ நெசமாவே இவன அடிக்க நெனச்சிருக்கா," என்றாள்.

"நெனச்சா. அடிக்கல."

"நெனச்சாளே!"

"அடிக்கலையே!"

சுற்றிச் சுற்றி இந்த இரண்டு வார்த்தைதான். சோறு போடும்போது அவளுடையது, தட்டைக் கழுவும்போது என்னுடையது. "என் வேண்டுதல நீங்க அறுத்துட்டீங்க," என்று ஒருமுறை சொன்னாள். பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் இரண்டு பேரும் ஓடிப்போய் நின்றோம்.

வியாழக்கிழமை பூசாரி வந்தார். லோரியை விட்டு இறங்காமலேயே நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னார். "வேற சேவல் கொண்டாங்கம்மா. இந்தத் தடவ வீட்ல வெச்சு வளக்காதீங்க. பாசார்ல வாங்கி நேரா கோயிலுக்கு வந்துருங்க." அவ்வளவுதான். மூன்று நாள் சாக்குக்கு அடியில் அது காத்திருந்தது இந்தப் பதிலுக்காக.

வெள்ளிக்கிழமை காலை மகளின் பை காருக்குள் ஏறிவிட்டது. அக்கா இயந்திரத்தை ஓடவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் காலணி மாட்டிக்கொண்டாள். அழவில்லை. கொண்டுபோகும் பொருள்களை மட்டும் விரல்விட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நான் காருக்கு முன்னால் நிற்பதா, பையை இறக்குவதா என்று கூடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன். இறக்கிவிட்டால் மட்டும் போதுமா? பயந்துகொண்டே இருக்கிற அம்மாவோடு இவள் ஒரே வீட்டில் எப்படி இருப்பாள்?

மனைவி பிள்ளையோடு தரையில் உட்கார்ந்தாள். "இங்க வா," என்றாள்.

மகள் இரண்டு கைதூரம் தள்ளி நின்றாள்.

"கிட்ட வா. அம்மா ஒண்ணு கேப்பேன். நெசத்தச் சொல்லணும். தம்பிய அடிக்கணும்னு தோணுதா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவளுக்கு உதவ எனக்கு வழி தெரியவில்லை.

"தோணுது," என்றாள்.

மனைவி இப்போது எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் பிள்ளையின் பாதத்தை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"எனக்கும் தோணும்," என்றாள். "அவன் விடிய விடிய கத்துறப்போ, எனக்கும் தோணும்."

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் நான் கேட்டிராத குரல் அது. மகள் வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

"தோணுனா என்னம்மா செய்வீங்க?"

"படுக்கையில போட்டுட்டு, அந்த ரூமுக்குப் போயி கைய இப்படி வெச்சுக்குவேன்." இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக் காட்டினாள். பிள்ளை மடியிலிருந்து நழுவப் பார்த்தான், முழங்காலால் தாங்கிக்கொண்டாள். "யாருகிட்டயும் சொன்னதில்ல. நீ எங்கிட்ட சொல்லு. தோணுனா, கைய இப்படி வெச்சுக்கிட்டு நேரா எங்கிட்ட வா. நான் என்ன வேல செஞ்சாலும் வா. சேவல்கிட்டயும் போகாத, பல்லிகிட்டயும் போகாத. எங்கிட்ட வா."

பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அண்ணி, பைய எறக்கிருங்க."

அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். "நாளைக்கு எனக்கு ஃபோன் பண்ணி அழக்கூடாது, சொல்லிட்டேன்."

"அழுவேன் அண்ணி. நீங்க வந்துருவீங்க."

"வந்து தொலைப்பேன்லா, வேற என்ன செய்வேன்," என்று பையைத் தூக்கிக் கூடத்தில் போட்டாள். காலுக்குச் செருப்பை மாட்டியவள், மகளின் கன்னத்தைக் கொஞ்சம் அதிகமாகவே கிள்ளிவிட்டுப் போனாள்.

படையல் நடந்தது. மனைவி பிள்ளையை எடுத்துக்கொண்டு போனாள். நானும் மகளும் போகவில்லை. ரோத்தானை நான் தூக்கி எறிந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். உடனே எறியவில்லை. அது இருந்த இடத்திலேயே சில வாரம் இருந்தது, ஒருநாள் சுத்தம் செய்யும்போது போனது. மகள் இனி எதையும் நோகடிக்க மாட்டாள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பக்கத்து வீட்டுப் பூனைக்குட்டி வேலியைத் தாண்டி வந்தால் என் கழுத்து தானாகத் திரும்புகிறது. அவள் அதைத் தடவும்போது நானும் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்கிறேன்.

பிறகு ஒரு மாலை. மனைவி கெம்போங் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அறைக்குள் வீறிட்டுக்கொண்டிருந்தான், அரைமணி நேரமாக, எதற்கென்றே தெரியாமல். மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். இரண்டு கைகளும் அக்குளுக்குள் இருந்தன. அவ்வளவு இறுக்கமாகச் செருகியிருந்ததில் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன.

"அம்மா, தோணுது."

எண்ணெய் பொங்கிக்கொண்டிருந்தது. மீன் ஒருபக்கம்தான் வெந்திருந்தது. மனைவி அடுப்பை அணைத்தாள். கையைத் துடைக்காமலேயே மகளிடம் போனாள்.